அந்த ‘நீ’ யார்?

என் அக்கா மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரப்போகும் ஒரு மல்டிபிளேயர் ஷூட்டர் கேமின் ட்ரெய்லரை என் கைபேசியில் ஓடவிட்டு, “சித்தி, இதுக்கு இவ்வளவு பில்டப் தகுமா?” என்று கேட்டாள். ட்ரெய்லர் வந்த நாளிலிருந்து அவளுடைய நண்பர்கள் வட்டத்தில் இதே சண்டையாம். இந்த வருடத்தின் ஆட்டம் இதுதான் என்று ஒரு கட்சி. பழைய ஆட்டத்துக்குப் புதுச் சட்டை மாட்டியிருக்கிறார்கள் என்று இன்னொரு கட்சி. நான் உடனே பதில் சொல்லவில்லை. கேள்வி பாதியில் நிற்பதுபோல் இருந்தது. தகுமா என்றால் யாருக்குத் தகுமா? இந்தச் சண்டைக்கு ஏறக்குறைய முப்பது வருட வரலாறு இருக்கிறது. அதில் பெண்கள் எங்கே நின்றார்கள் என்று தேடத் தொடங்கினேன்.

1997இல் அமெரிக்க வீடியோ கேம் பத்திரிகைகளில் ஒரு விளம்பரம் வந்தது. சிவப்புப் பின்னணியில் கறுப்பு எழுத்துகள். ஆட்டத்தின் ஒரு காட்சிகூடக் கிடையாது. ஜான் ரொமேரோ உன்னைத் தன் பெட்டை நாயாக்கப் போகிறார் என்பதுதான் அதன் வாசகத்தின் பொருள். கூடவே ஒரு கொச்சையான சவால். விளம்பரப்படுத்தப்பட்ட ஆட்டத்தின் பெயர் டைகடானா.

அந்த வசைச்சொல்லுக்குப் பெட்டை நாய் என்பது நேர்ப்பொருள். பேச்சுவழக்கில் அது பெண்ணை இழிவுபடுத்தும் சொல். அதை ஓர் ஆணிடம் சொன்னால், உன்னைத் தோற்கடித்து என் காலடியில் கிடக்கும் பெண்ணாக்குவேன் என்று அர்த்தம். “வளையல் போட்டுக்கோ”, “சேலை கட்டிக்கோ” என்று நம் ஊரில் ஆண்கள் ஆண்களைத் திட்டுவதும் இதே கணக்கில்தான். ஆக, விளம்பரம் ‘நீ’ என்று கூப்பிடுவது ஓர் ஆணை. பெண்ணாக மாற்றப்படுவதுதான் அவனுக்கு நேரக்கூடிய ஆகப் பெரிய அவமானம். அந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிய ஒரு பெண் இந்த வாக்கியத்தில் எங்கே நிற்பாள்? அவள் அந்த ‘நீ’ இல்லை. அந்த ‘நீ’ பயப்பட வேண்டிய பொருள் அவள்.

ரொமேரோவுக்கு அன்று இருந்த பெயர் சும்மா வந்ததல்ல. இட் சாஃப்ட்வேர் நிறுவனத்தில் அவரும் கூட்டாளிகளும் உருவாக்கிய டூம், 1993 டிசம்பர் 10 அன்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கணினி வழியாக இணையத்தில் வெளியானது. தரவிறக்கக் காத்திருந்தவர்களின் கூட்டத்தில், ஆட்டத்தை ஏற்ற வேண்டியவர்களுக்கே உள்ளே நுழைய இடமில்லாமல் போனது. கணினிகளை இணைத்து ஒருவரையொருவர் சுட்டு ஆடும் முறைக்கு ‘டெத்மேட்ச்’ என்று பெயர் வைத்தவரும் ரொமேரோதான். அடுத்து வந்த குவேக்குக்கும் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. ஆனால் அங்கே நிறுவனம் நேர்மையான ஒரு காரியம் செய்தது. 1996 பிப்ரவரியில், முழு ஆட்டம் வருவதற்கு நான்கு மாதம் முன்பே, பலர் சேர்ந்து ஆடும் மூன்று களங்களை மட்டும் இலவசமாக வெளியிட்டது. எதிர்பார்ப்பு தகுமா தகாதா என்பதை ஆடிப் பார்த்தே முடிவுசெய்ய முடிந்தது. சமைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கரண்டி எடுத்து ருசி பார்க்கக் கொடுப்பதுபோல.

டைகடானாவில் ருசி பார்க்க எதுவும் இல்லை. ரொமேரோ 1996இல் இட் நிறுவனத்தை விட்டு வெளியேறி, அயன் ஸ்டார்ம் என்ற நிறுவனத்தைக் கூட்டாகத் தொடங்கினார். டாலஸ் நகரின் வானளாவிய கட்டடமொன்றின் உச்சியில் கண்ணாடிக் கூரையின் கீழ் அலுவலகம். வெயிலின் கூச்சத்தில் கணினித் திரை தெரியாமல், வேலை செய்தவர்கள் தங்கள் இருக்கைகளின் மேல் துணி கட்டிக்கொண்டார்கள். 1997 கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்ன ஆட்டம், அடிப்படை மென்பொருளையே மாற்றியதில் தள்ளிப்போனது. 1998 இறுதியில் குழுவின் முக்கியமான சிலர் ஒன்றாக வெளியேறினார்கள். 2000 மே மாதம் ஆட்டம் வந்தபோது விமர்சகர்கள் கிழித்துவிட்டார்கள். ஆடுபவருக்குத் துணையாக வரும் இரண்டு பாத்திரங்கள் கதவிலும் படியிலும் சிக்கி உயிரை வாங்கின. அந்த விளம்பரத்துக்காக 2010இல் ரொமேரோ வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

பொதுவாக இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள். அகந்தைக்குக் கிடைத்த அடி என்று. ஆனால் அதே வருடங்களில் குவேக் ஆடிக்கொண்டிருந்த பெண்களின் கதையும் இருக்கிறது.

குவேக்கில் ஆடுபவருக்கு ஒரே ஓர் உருவம்தான்: கட்டுமஸ்தான ஓர் ஆண் சிப்பாய். சட்டை, கால்சட்டையின் நிறத்தை மாற்றிக்கொள்ளலாம். உடம்பை மாற்ற முடியாது. ஆனால் ஆட்டத்தின் கோப்புகளைத் திறந்து திருத்தும்படி விட்டிருந்தார்கள். பெண்கள் அதைத்தான் செய்தார்கள். சிப்பாயின் மேல் போர்த்திய படத்தை எடுத்து, தாங்களே பெண்ணுருவம் வரைந்து போர்த்தினார்கள். இதற்கு ‘ஸ்கின்’ என்று பெயர். வரைந்ததை இணையத்தில் ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டார்கள். ‘கிளான்’ என்ற அணிகளைத் தங்களுக்கென்று கட்டினார்கள். ஆண்களைக் கொல்லும் பைத்தியங்கள் என்று பொருள்படும் பெயரை ஓர் அணி வைத்துக்கொண்டது. அதன் ஆங்கிலச் சுருக்கம் மாதவிடாய்க்கு முந்தைய நாட்களின் தொந்தரவுக்கு மருத்துவர்கள் சொல்லும் சுருக்கமே. நம்மைக் கேலிசெய்யும் சொல்லை நாமே எடுத்து மாட்டிக்கொள்ளும் இந்தக் குறும்பு எனக்குப் பிடித்திருக்கிறது. 1997 டிசம்பரில் வந்த குவேக் இரண்டில் நிறுவனமே பெண்ணுருவம் ஒன்றைச் சேர்த்தது. ஆடிய பெண்கள் அதற்கு முன்பே கையால் வரைந்துவிட்டிருந்தார்கள்.

விளம்பரம் வந்த அதே 1997இல், ஸ்டீவி கேஸ் என்ற இளம்பெண் குவேக் டெத்மேட்சில் ரொமேரோவைத் தோற்கடித்தார். உன்னைப் பெட்டையாக்குவேன் என்று ஊருக்கெல்லாம் சவால் விட்டவரின் பெயரில் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, அவரே பெயர் வைத்த விளையாட்டில், ஒரு பெண்ணிடம் அவர் தோற்றார். கேஸ் பிறகு அயன் ஸ்டார்மில் சேர்ந்து, டைகடானாவின் களங்களை வடிவமைத்தவர்களில் ஒருவரானார். ஆனால் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதியதில் அவரது குறி தப்பாமை குறைவு, தோற்றம் அதிகம். பில்டப் இயந்திரம் அவரையும் விழுங்கி ஒரு சரக்காக மாற்றப் பார்த்தது.

இந்த இடத்தில் நம்மில் சிலருக்கு ஓர் எரிச்சல் எழலாம். துப்பாக்கியும் ரத்தமுமான ஆட்டத்தில் இடம் கேட்டு நாம் ஏன் வாதாட வேண்டும்? இதை அன்றே பெண்ணியர்கள் விவாதித்தார்கள். 1996இல் வந்த பார்பி ஃபேஷன் டிசைனர் சில மாதங்களிலேயே ஐந்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பெண் குழந்தைகளுக்கென்று தனி ஆட்டங்கள் வேண்டும் என்ற குரல் அப்போது வலுத்தது. ஜஸ்டின் காசெலும் ஹென்றி ஜென்கின்ஸும் தொகுத்து 1998இல் வெளிவந்த ‘பார்பியிலிருந்து மோர்ட்டல் காம்பட் வரை’ என்ற நூல் அந்த விவாதத்தின் ஆவணம். அதிலேயே குவேக் ஆடும் பெண்களும் பேசுகிறார்கள். தங்களுக்கு இளஞ்சிவப்புப் பெட்டியில் தனி ஆட்டம் தேவையில்லை என்பது அவர்கள் நிலை. 2002இல் ஆன்-மேரி ஷ்லைனர் என்ற கலைஞர் தோழர்களுடன் சேர்ந்து இன்னொரு வழி கண்டார். கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆட்டத்துக்குள் சுவரில் படம் தெளிக்கும் வசதி உண்டு. போரை எதிர்க்கும் படங்களை வரைந்து, ஆட்டம் நடக்கும்போதே சுவர்களில் தெளிக்கச் செய்தார்கள். வசைக் கடிதங்கள் வந்து குவிந்தன. எனக்குத் துப்பாக்கி ஆட்டங்கள் பிடிக்காது. ஆனால் வேண்டாம் என்று நான் ஒதுங்குவதும், உனக்கு இங்கே வேலையில்லை என்று இன்னொருவர் ஒதுக்குவதும் ஒன்றல்ல. போரை எதிர்த்துச் சுவரில் எழுதவும் அந்த அறைக்குள் நுழைய வேண்டியிருந்தது.

பிறகு பல வருடங்கள் பெரிய மாற்றமில்லை. கால் ஆஃப் டூட்டி 2003இல் தொடங்கிய தொடர். அதன் மல்டிபிளேயர் களத்தில் பெண் சிப்பாயாக ஆடும் வசதி 2013இன் கோஸ்ட்ஸ் ஆட்டத்தில்தான் வந்தது. அந்த ஆட்டத்தின் முன்னோட்டத்தில் ஊரே பேசியது அதில் வந்த நாயைப் பற்றி. நாயின் அசைவுகளை எவ்வளவு துல்லியமாகப் பதிவுசெய்தோம் என்று மே மாதம் மேடையில் காட்டினார்கள். பெண் சிப்பாய் ஆகஸ்டில்தான் அறிவிப்புக்கு வந்தாள்.

2014 நவம்பரில் பிளிசார்ட் நிறுவனம் ஓவர்வாட்ச் ஆட்டத்தை அறிவித்தபோது பெண்களுக்கு உண்மையிலேயே எதிர்பார்ப்பு வந்தது. அதற்கு முன் நிறுவனத்தின் ஓர் ஆட்டக் காட்சியைப் பார்த்த தன் மகள், இந்தப் பெண்கள் எல்லாம் ஏன் நீச்சலுடையில் இருக்கிறார்கள் என்று கேட்டதாக அதன் மூத்த படைப்பாளர் கிறிஸ் மெட்சன் அந்த நாட்களில் சொன்னார். அடுத்த மார்ச்சில் ஸார்யா என்ற பாத்திரம் வந்தாள்: அகன்ற தோள்கள் கொண்ட ரஷ்யப் பளுதூக்கும் வீராங்கனை. 2016 மே மாதம் ஆட்டம் வெளியானபோது இருபத்தொரு நாயகர்களில் எட்டுப் பேர் பெண்கள். வெளியீட்டுக்கு முந்தைய திறந்த சோதனையில் மட்டும் 97 லட்சம் பேர் ஆடினார்கள். ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது. பில்டப் தகும் என்று கணக்கை முடித்துவிடலாம்.

ஆனால் அடுத்த மாதமே தென்கொரியாவில் ஒரு சம்பவம். கெகுரி என்ற பெயரில் ஆடிய பதினேழு வயதுப் பெண், ஸார்யாவை எடுத்து ஆடுவதில் அபாரத் திறமை காட்டினாள். குறி அவ்வளவு துல்லியமாக இருக்கவே, ஏமாற்று மென்பொருள் பயன்படுத்துகிறாள் என்று எதிரணி ஆண்கள் இருவர் குற்றம்சாட்டினார்கள். பொய்யென்றால் ஆட்டத்தை விட்டே விலகுகிறோம் என்றும் சொன்னார்கள். நிறுவனம் ஆராய்ந்து அவள் ஏமாற்றவில்லை என்றது. அது போதவில்லை. ஓர் அரங்கத்தில் உட்கார்ந்து, கேமரா தன் கைகளையே காட்டிக்கொண்டிருக்க, நேரலையில் அவள் ஆடிக் காட்ட வேண்டியிருந்தது. ஆடிக் காட்டினாள். குற்றம்சாட்டியவர்கள் விலகினார்கள். அந்த ஆட்டத்தின் கதையில் டி.வா என்றொரு நாயகி உண்டு: உலகமே கொண்டாடும் தொழில்முறை வீடியோ கேம் வீராங்கனை, கொரியப் பெண். கற்பனையில் அப்படியொருத்தியை நாயகியாக்க முடிந்தது. நிஜத்தில் ஒருத்தி வந்தபோது அவள் கைகளைச் சோதித்தார்கள்.

இதற்குக் கொரியப் பெண்கள் சொன்ன பதில் எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பக்கம். டி.வா போன்ற ஒரு பெண் உண்மையிலேயே வாழக்கூடிய நாட்டை உருவாக்குவோம் என்று சொல்லி அவள் பெயரில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 2017 ஜனவரியில் சியோலில் நடந்த பெண்கள் பேரணியில் அவளுடைய முயல் சின்னம் பொறித்த கொடி பறந்தது. நிறுவனம் உண்டாக்கிய ஆரவாரத்தைக் கடன் வாங்கி, அது நினைத்தே பார்த்திராத காரியத்துக்கு அவர்கள் செலவழித்தார்கள். அடுத்த மாதம் ஆட்டத்தின் இயக்குநர் ஜெஃப் கேப்லன் ஒரு மேடையில் இந்தக் கொடியைப் பெருமையோடு குறிப்பிட்டார்.

2018இல் கெகுரி, ஓவர்வாட்ச் லீகில் ஒப்பந்தமான முதல் பெண்ணானார். 2021 ஜூலையில், ஆட்டத்தை உருவாக்கிய நிறுவனத்தின் மீது கலிஃபோர்னிய மாநில அரசு வழக்குத் தொடுத்தது: பெண் ஊழியர்களுக்குச் சம்பளத்திலும் பதவி உயர்விலும் பாகுபாடு, பாலியல் தொந்தரவு. நிறுவனம் மறுத்தது. 2023 டிசம்பரில் ஏறத்தாழ 5.4 கோடி டாலருக்கு உடன்பாடு வந்தது. பரவலான பாலியல் தொந்தரவு நடந்ததாக எந்த விசாரணையும் உறுதிசெய்யவில்லை என்ற வாசகமும் அதில் சேர்ந்தது. பணத்தின் பெரும்பகுதி சம்பளப் பாகுபாட்டுக்கு ஈடாகப் பெண் ஊழியர்களுக்கு ஒதுக்கப்பட்டது. ட்ரெய்லரில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தபோது, அதைச் செய்த அறையில் எத்தனை பெண்கள், என்ன சம்பளத்தில் இருந்தார்கள் என்று எண்ணவில்லை. நானும்தான்.

2018 மே மாதம் பேட்டில்ஃபீல்ட் ஐந்தின் ட்ரெய்லர் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் களம். அதில் செயற்கைக் கையுடன் ஒரு பெண் சிப்பாய். இது என் பேட்டில்ஃபீல்ட் இல்லை என்று ஹாஷ்டாக் கிளம்பியது. வரலாற்றைத் திரிக்கிறார்கள் என்பது வாதம். இரண்டாம் உலகப் போரில் சோவியத் ராணுவத்தில் மட்டும் எட்டு லட்சம் பெண்கள் அளவில் பணியாற்றினார்கள். லுட்மிலா பாவ்லிசென்கோ என்ற குறிபார்த்துச் சுடும் வீராங்கனையின் கணக்கில் 309 பேர். 1942இல் அவர் அமெரிக்கா போனபோது, போர்முனையில் முகப்பூச்சு போட்டுக்கொள்வீர்களா என்றுதான் பத்திரிகையாளர்கள் கேட்டார்கள். அந்தப் பெண்கள் போர் முடிந்து வீடு திரும்பிய பிறகு எப்படி மௌனமாக்கப்பட்டார்கள் என்பதை ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் ஒரு நூல் முழுக்கக் கேட்டு எழுதியிருக்கிறார். எந்த வரலாற்றிலிருந்து அழித்தார்களோ, அதே வரலாற்றைக் காட்டி உள்ளே விடமாட்டோம் என்றார்கள்.

அதற்காக அந்த ஆட்டத்தின் பில்டப் தகும் என்று நான் சொல்ல மாட்டேன். நார்வேயின் கனநீர் ஆலையைத் தகர்த்தவர்கள் நார்வே நாட்டுக் கமாண்டோக்கள், ஆண்கள். ஆட்டம் அவர்களை எடுத்துவிட்டு ஓர் இளம்பெண்ணையும் அவள் தாயையும் அங்கே வைத்தது. நிஜமாகப் போரிட்ட பெண்கள் இத்தனை பேர் காத்திருக்க, ஆண்கள் செய்த ஒன்றை எடுத்துப் பெண்ணுக்குக் கொடுப்பது சோம்பேறித்தனம். எதிர்ப்பு வலுத்தபோது, நிறுவனத்தின் உயரதிகாரி ஒருவர், ஏற்றுக்கொள்ளுங்கள் அல்லது வாங்காதீர்கள் என்ற தொனியில் பேசினார். ஆட்டம் நவம்பரில் வந்தது. டிசம்பர் வரை 73 லட்சம் விற்றது. எதிர்பார்த்ததைவிடப் பத்து லட்சம் குறைவு. வெளியீடு தள்ளிப்போனதையும், அப்போது சந்தையை ஆண்டுகொண்டிருந்த பேட்டில் ராயல் முறையை முன்னிறுத்தாததையும் நிறுவனம் காரணமாகச் சொன்னது. ஆனால் இன்றும் அந்த ஆட்டம் ஏன் சறுக்கியது என்று ஓர் ஆணிடம் கேட்டுப் பாருங்கள். அந்தச் செயற்கைக் கைக்காரியைத்தான் கைகாட்டுவார்.

நம் பக்கத்துக் கதை ஒன்று. 2020 செப்டம்பரில் இந்திய அரசு பப்ஜி மொபைலைத் தடைசெய்தது. 2021இல் அதே ஆட்டம் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற பெயரில் திரும்பி வருவதாக அறிவிப்பு. மே 18இல் முன்பதிவு தொடங்கியது. இரண்டு வாரத்தில் இரண்டு கோடிப் பேர் பதிந்தார்கள். பழைய கணக்கு அப்படியே கிடைக்குமா, ரத்தம் சிவப்பாக இருக்குமா பச்சையாக இருக்குமா என்று விவாதம் அனல் பறந்தது. ஜூலை 2இல் ஆட்டம் வந்தது. இடையில், அதே ஜூனில், பப்ஜி ஆடுவதை யூடியூபில் நேரலையாகக் காட்டியபடி பெண்களை ஆபாசமாகப் பேசினார் என்ற புகாரில் ஒருவரைத் தமிழ்நாட்டுக் காவல்துறை தர்மபுரியில் கைதுசெய்தது. அவருடைய சேனலுக்கு லட்சக்கணக்கில் சந்தாதாரர்கள். அத்தனை பேர் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். ரத்தத்தின் நிறத்தைப் பற்றி அவ்வளவு பேசியவர்களில் யாரும், அந்த ஆட்டத்தில் மைக்கைத் திறக்கும் ஒரு பெண் என்ன கேட்க நேரும் என்று பேசியதாக நான் பார்க்கவில்லை.

இதையெல்லாம் அக்கா மகளிடம் சொன்னேன். சுருக்கமாகத்தான். ஸ்டீவி கேஸ் கதையில் சிரித்தாள். கெகுரியின் கைகளைப் பற்றிச் சொன்னபோது சிரிக்கவில்லை. ட்ரெய்லரை இன்னொரு தடவை ஓடவிட்டோம். நன்றாகத்தான் இருந்தது. ஆட வேண்டும் என்று அவளுக்கு ஆசையாகவும் இருந்தது. “கேம் நல்லாதான் இருக்கும் சித்தி, வாங்கிடுவேன்,” என்றாள்.

ஆட்டத்துக்கான பெயரைக்கூட முடிவுசெய்துவிட்டாளாம். காட்டினாள். நான்கு எழுத்து, இரண்டு எண். ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் தெரியாது. “மைக்?” என்று கேட்டேன்.

“மைக் வேணாம். எனக்குக் கேட்டாப் போதும்.”